மோட்டார் ரூம் பக்கத்துத் தூண்

அந்தப் பையை மட்டும் காலால் தள்ளிடாதீங்க அக்கா. கோவிச்சுக்காதீங்க, நானே இழுத்து மடியில வச்சுக்கறேன். ஒரு தொடையில குழந்தை, ஒரு தொடையில பை. ஆமாம், கனம்தான். பஸ்ஸில் மேலே கம்பியில் போடாதே என்று சொல்லி அனுப்பினார் எங்க வீட்டுக்காரர். கீழே வைத்து மிதிபடவும் விடக் கூடாதாம். வழியில் பிரிக்காதே, ஊருக்குப் போய் நிதானமாப் பிரி என்றார்.

என்ன இருக்கப்போகுது? கிரானைட் கல்லாத்தான் இருக்கும். எங்க அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, கேஸ் அடுப்பு வைக்க ஒரு பளபளக் கல்லு கொண்டாங்க மாப்பிள்ளை என்று. மேல்வீட்டில் சமையலறையை உடைத்துக் கட்டினார்கள், அதில் மிச்சம் விழுந்திருக்கும். எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். பெண்டாட்டி இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று கிளம்புகிறாள், அவர் மாமியாருக்கு அடுப்புக் கல்லு கட்டிக் கொடுக்கிறார். அந்த மாதிரி மனுஷன் அக்கா அவர்.

ஆமாம், சொல்லிவிட்டேன். வர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

செஞ்சிக்குப் பக்கம் எங்க ஊர். நீங்க திண்டிவனமா? அப்போ அதுவரைக்கும் கூட வருவீங்க. நான் சத்தமாப் பேசுறேனா? எனக்கு யார்கிட்டயும் பேச வராது அக்கா. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் நின்றால் வாயே திறக்காது. அபார்ட்மென்ட்டில் மேல்வீட்டு ஆட்கள் எதிரில் வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். செகரெட்டரி சார் கூட ஒருநாள் அவரிடம் கேட்டாராம், "ஏழுமலை, உன் சம்சாரத்துக்குப் பேச்சு வருமா வராதா?" என்று. உங்ககிட்ட என்னமோ வருது. நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ, அதனாலயா இருக்கும்.

தூணுன்னு சொன்னேன் இல்லே? அதுதான் அக்கா, அந்தத் தூணாலதான் எல்லாம்.

மடிப்பாக்கத்தில் இருக்கிறது அந்த அபார்ட்மென்ட். அவர் வாட்ச்மேன். கீழே முழுக்க கார் நிறுத்துகிற இடம். ஓரமாக மோட்டார் ரூம், அதை ஒட்டி எங்களுக்கு ஒரு ரூம். வாசலைத் தாண்டினால் சுவர் கிடையாது, எல்லாம் தூண்தான். எங்க ரூமுக்கு எதிரே ஒரு தூண். அதில்தான் கண்ணாடி மாட்டியிருந்தேன். துணிக்கொடியில் ஒரு முனை அதில்தான். நான் ஒளிந்து நிற்கிறதும் அதற்குப் பின்னாலதான். தூணுக்கு நாலு பக்கம் இல்லையா? ரோட்டைப் பார்த்த பக்கத்தில் அவர் தண்ணி லாரிக் கணக்குப் போடுவார். லாரி வந்து போனால் பென்சிலால் ஒரு கோடு. எங்க ரூமைப் பார்த்த பக்கத்தில் பவியோட கோடு.

பவி என் மூத்தவள். பவிஷா.

பொறந்தநாள் வந்தா அவளைத் தூணோட ஒட்டி நிற்க வைப்போம். தலை மேல தினசரி காலண்டர் அட்டையைப் படுக்க வச்சு நான் கோடு போடுவேன். பக்கத்துல எத்தனை வயசுன்னு நம்பர் எழுதுவேன். ரெண்டு, மூணு, நாலு. அந்தக் கழுதை சும்மா நிற்காது அக்கா, குதிகாலைத் தூக்கும். அவர் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்ப்பார். "எக்குறா பூங்கா, எக்குறா! திருட்டுக் கோடு போடாத!" என்பார் என்னிடம், பூங்கா நான்தான். இரண்டு குதிகாலையும் கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். பெற்ற பிள்ளையிடம் என்ன கறார் பாருங்க, ஒரு விரல்கடை கூட ஏற விட மாட்டார். அவள் மேலேயிருந்து, "அப்பா, நான் உன்னை விட ஒசரமாயிட்டேன், நீ கீழ கெடக்குற" என்பாள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. கீழ்த்தளம், மழைத் தண்ணி, கொசு. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை.

இல்லை அக்கா, நான் அழலை. குழந்தைதான் என் முகத்தைப் பிறாண்டுது. இவளா, இவ தை மாசம் பொறந்தவ. பவி போகும்போது இவ வயித்துல இருந்தா. பேர் வச்சிருக்காங்க, நான் பாப்பான்னுதான் கூப்பிடறேன். என்னமோ பேர் சொல்லிக் கூப்பிடப் பயமா இருக்கு.

அவர் அழுதாரா என்று கேளுங்க. ஒரு சொட்டு? அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. எங்க அம்மா தலையில் அடித்துக்கொண்டு புரண்டது. எங்க அண்ணன் அழுதான். இவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, யாருக்குக் காபி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றார். காரியமெல்லாம் முடிந்து ரூமுக்கு வந்து உட்கார்ந்தோம், மூன்றாவது மாடியிலிருந்து போன், தண்ணி வரலை என்று. எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். அதிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வேற. முன்னெல்லாம் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்துவிடுவார். இப்போது மோட்டார் ஓடுகிற வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நிற்கிறார். அந்த இரைச்சலில் மனுஷன் எப்படித்தான் நிற்கிறாரோ! வெளியே வரும்போது குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டுதான் வருவார். வீட்டில் ஒருத்தி செத்துச் சுண்ணாம்பாகிக் கிடக்கிறேன், அவருக்கு மோட்டாரும் முகம் கழுவுறதும்.

நான் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டேன் அக்கா. துணி காயப்போடும்போது ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை, அந்த நாலாம் கோட்டைத் தொடுவேன். அது எனக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அங்கே கை வைத்தால் அவள் தலையில் வைத்த மாதிரி. போட்டோ இருக்கு, இல்லைன்னு சொல்லலை. போட்டோவில ஒசரம் தெரியுமா? அவ ஒசரம் இந்த உலகத்துல அந்த ஒரு தூண்லதான் இருந்தது.

இந்த ஆவணியில் அவளுக்கு அஞ்சு முடிந்திருக்கும். பொறந்தநாள் அன்றைக்குக் காலையிலிருந்து பார்க்கிறேன், அவர் ஏதாவது சொல்வாரா என்று. கேட்டைத் திறந்தார், பேப்பர் போட்டார், குப்பை எடுத்தார். ஒரு வார்த்தை? மறந்தே போயிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு வெளியே வருகிறேன், அவர் தூணுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பென்சில். எங்க பக்கத்தில், பவி பக்கத்தில் அக்கா, அவள் கோட்டுக்கு மேலே கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்!

எனக்கு எங்கிருந்து வந்ததோ குரல். "இன்னா பண்றீங்க?" என்றேன்.

சட்டென்று எழுந்துவிட்டார். "லாரி வந்துச்சு" என்றார்.

"லாரிக் கோட்டை இங்கயா போடுவீங்க? அந்தப் பக்கம் எடமே இல்லையா? இன்னிக்கு இன்னா நாள்னு தெரியுமா உங்களுக்கு?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மோட்டார் போடணும்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொல்லுங்க, கோபம் வருமா வராதா? இத்தனைக்கும் அன்றைக்கு லாரி சத்தமே எனக்குக் கேட்கலை. பாப்பாவோடு கண் அசந்துவிட்டேனோ என்னமோ. அந்தக் கோட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை எனக்கு. விடிந்ததும் தண்ணி தொட்டு அழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்தால் மரியதாஸ் அண்ணன் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

அதைச் சொல்லாம விட்டுட்டேனே. அந்தக் கட்டடத்துத் தூணெல்லாம் பழுது அக்கா. உப்புத் தண்ணி ஏறி, உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சு வெடிப்பு விட்டுப் பெயர்ந்துகொண்டிருந்தது. பெயர்ந்த கட்டி ஒன்று கார் கண்ணாடியில் விழுந்தது. உடனே மீட்டிங். கொசு மருந்து அடிக்கணும்னு அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், அதுக்கு ஒரு மீட்டிங் போட்டிருக்கலாம். சரி விடுங்க. இடிக்க வேண்டாம், தூணுக்கெல்லாம் துணி சுற்றிப் பலப்படுத்திவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள்.

சிரிக்கிறீங்க பாருங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன், துணி எப்படிக் கட்டடத்தைத் தாங்கும் என்று. மரியதாஸ் அண்ணன்தான் மேஸ்திரி, நாகர்கோவில் பக்கம். தினமும் எங்க ரூமில்தான் குடிக்கத் தண்ணி வாங்குவார். நான் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவராகவே பேசுவார்.

"தங்கச்சி, பயப்படாத. தூணுக்கு வேட்டி கட்டி விடப்போறோம், அம்புட்டுத்தான்."

தார்ப்பாய் மேல் அந்தத் துணியை விரித்து வைத்திருந்தார்கள். பார்த்தேன். கறுப்பு. பட்டு மாதிரி மினுங்குகிறது. கார்பன் துணியாம். எனக்கு வாய் சும்மா இல்லாமல், "கறுப்பு வேட்டியா? தூணு சபரிமலைக்கு மாலை போட்டிருக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். கேட்டுப் பக்கம் நின்றிருந்த எங்க வீட்டுக்காரர் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் விடுவிடு என்று மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார். நான் சிரிக்கிறது கூடப் பிடிக்கலை போல.

மரியதாஸ் அண்ணன் விளக்கமாகச் சொன்னார். "பிள்ளை பெத்தவளுக்கு வயித்தைச் சுத்தித் துணியை இறுக்கிக் கட்டுவாங்கல்லா? எதுக்கு? தளந்து போனது வெளிய தள்ளாம இருக்க. அதேதான் இதுவும். மேல கனம் அமுக்கும்போது தூணு பக்கவாட்டில பிதுங்கப் பாக்கும். துணி சுத்திப் பசை போட்டு இறுக்கிட்டா, பிதுங்க விடாது." எனக்கும் தை மாசம் அம்மா அப்படித்தான் கட்டிவிட்டது. அதனால் சட்டென்று புரிந்தது. அப்புறம், முதலில் பழைய பூச்சு எல்லாத்தையும் உரித்துவிட வேண்டும் என்றார். உள்ளே சிமெண்ட் தூண் அப்படியே தெரிய வேண்டும். மூலையெல்லாம் தேய்த்து உருட்ட வேண்டும், கூராக இருந்தால் துணி அந்த இடத்தில் அறுந்துவிடும்.

பூச்சு போனால் பவியோட கோடும் போயிடுமே.

"எல்லாத் தூணுக்குமா அண்ணே?"

"ஒண்ணு விடாம."

அன்றைக்கே, கார்களுக்கு மேல் தூசி விழாமல் இருக்கத் தூண்களைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். எங்க தூணுக்கும் சேர்த்து. மற்ற தூண்களில் ஒரு மாசம் போல வேலை நடந்தது. பக்கத்தில் இரும்பு முட்டுக் கொடுப்பார்கள், தடதடவென்று சுத்தியல் மெஷின் வைத்து உடைப்பார்கள், பூச்சு பொடிப்பொடியாகக் கொட்டும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எங்க தூணுக்குப் போய்த் தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். பென்சில் கோடு கைக்குத் தெரியுமா? தெரியாதுதான். ஆனாலும் தொட்டுக்கொண்டு நின்றேன்.

அவரிடம் சொன்னேன். வாய் விட்டு அவரிடம் எதுவும் கேட்டதில்லை நான். அன்றைக்குக் கேட்டேன். "அந்த ஒரு தூணை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

"ஒரு தூணை விட்டா எப்படி பூங்கா? மேல இருக்கறவங்க எல்லாம் அது மேலதானே இருக்காங்க. நீயும் பாப்பாவும் அதுக்குப் பக்கத்துலதானே படுக்கறீங்க?"

"எனக்குத் தெரியாது. நீங்க போய்ச் சொல்லுங்க."

போனார். நானும் பின்னாலேயே போய், மரியதாஸ் அண்ணனிடம் அவர் பேசுகிறதைத் தூணோரம் நின்று கேட்டேன். எனக்காகத் தூணை விடச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

"அண்ணே, அந்தத் தூணுல சுத்தியல் போடாதீங்கண்ணே. கட்டிங் மெஷின் வச்சு அறுத்து எடுக்க முடியுமா?"

"அறுக்கலாம். மெல்ல மெல்லத்தான் எடுக்கணும், பொழுது போயிடுமே ஏழுமலை."

"நான் கூட நிக்கறேன். நானே புடிச்சுக்கறேன்."

"செகரெட்டரி சத்தம் போடுவாரு."

"நான் சொல்லிக்கறேண்ணே."

அவ்வளவுதான். விடச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. சுத்தியல் சத்தம் மேல்வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் என்று கவலை! பெற்ற பிள்ளை கோட்டை அழிக்கப்போகிறார்கள், அதைச் சத்தமில்லாமல் அழியுங்க என்று கேட்கிறார். நான் வந்து படுத்துவிட்டேன்.

அடுத்து என்ன செய்தார் கேளுங்க. ஒருநாள் காலையில், "பாப்பாவுக்கு ஒன்பதாம் மாச ஊசி போடணுமே, இன்னிக்கே போய்ட்டு வா" என்றார். அடுத்த வாரம் போகலாம் என்றேன். இல்லை, இன்னிக்கே போ, அப்படியே கோயிலுக்கும் போய்ட்டு மெதுவா வா என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். என்றைக்கும் இல்லாத அக்கறை என்று நானும் போனேன். திரும்பி வந்து பார்த்தால், எங்க தூண் உரித்த கோழி மாதிரி நிற்கிறது அக்கா. பூச்சே இல்லை. மூலையெல்லாம் தேய்த்து மழுங்க வைத்திருக்கிறார்கள். கீழே கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது. கண்ணாடி ஒரு மூலையில் சாத்தி வைத்திருக்கிறது.

அவர் தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை. புருவம், இமை எல்லாம் தூசி. இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருக்கிறார், ரத்தம் கசிகிறது. மெஷின் பக்கத்தில் இவருக்கு என்ன வேலை? அவர்கள் ஆள் வைத்திருக்கிறார்களே!

"என்னை அனுப்பிட்டுச் செஞ்சீங்க இல்லே?" என்றேன்.

"ஊசி போட்டப்ப ரொம்ப அழுதாளா?" என்று கேட்டார் பாப்பாவைப் பார்த்து. கையை நீட்டினார். அந்தத் தூசிக் கையோடு தொடாதீங்க என்று நான் திரும்பிக்கொண்டேன்.

பிறகு நான் அவரோடு பேசவே இல்லை. அவர்கள் ஓட்டையெல்லாம் அடைத்தார்கள், பசை தடவினார்கள், அந்தக் கறுப்புத் துணியைச் சுற்றினார்கள். உள்ளே காற்று நிற்கக் கூடாதாம், ரோலரை வைத்து உருட்டி உருட்டி அமுக்கி எடுப்பார்கள். எங்க தூணுக்கு மட்டும் ரோலரை இவர் வாங்கிக்கொண்டார். சம்பளம் தருகிறார்களா என்ன? மேலிருந்து கீழே வரைக்கும், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அப்படி ஒரு நிதானம். பசை காயறதுக்குள் மணலை அள்ளித் தூவினார்கள், மேலே புதுப் பூச்சு பிடிக்கணும் என்று. மறுநாள் மரியதாஸ் அண்ணன் ஒரு காசை எடுத்துத் தூண் முழுக்கத் தட்டிப் பார்த்தார், உள்ளே காற்று நின்றிருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடுமாம். "எங்கயும் பொள்ளல் சத்தம் இல்ல, ஏழுமலை கை பட்டதுல்லா" என்றார். பெரிய மெடல். பிள்ளையை மூடி வைத்ததற்கு மெடல்.

மிச்சத் துணி கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டார், டப்பாவில் கொஞ்சம் பசையும். மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். தண்ணித் தொட்டியில் எங்கேயோ ஒழுகுகிறது என்று இரண்டாம் மாடி அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை அடைக்கத்தான் இருக்கும். மரியதாஸ் அண்ணனும் கூடப் போனார். எனக்குப் போய் நிற்கிற இடம் கூட இல்லாமல் பண்ணிவிட்டு, ஊரான் தொட்டிக்கு வைத்தியம்.

நான் போய் அந்தத் தூண் முன்னால் நின்றேன் அக்கா. கன்னங்கரேல் என்று, சொரசொர என்று நிற்கிறது. கையை இடுப்புக்கு மேலே வைத்துப் பார்த்தேன். இங்கேயா? இன்னும் கொஞ்சம் கீழேயா? தெரியவில்லை. அவள் ஒசரம் எனக்கு மறந்துபோச்சு. பெத்தவளுக்கு மறந்துபோச்சு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றுதான் சொன்னேன், ஊருக்குப் போறேன், இனி வர மாட்டேன் என்று. சண்டை போடுவார், போகாதே என்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னா அப்படிச் சொன்னால் நின்றிருப்பேன். அவர், "சரி, இந்தத் தூசியும் பசை நாத்தமும் பாப்பாவுக்கு ஆகாது. போய்ட்டு வா" என்றார். வா என்று சொல்கிறார் பாருங்க, நான் வர மாட்டேன் என்று சொன்னது காதில் விழாத மாதிரி. காலையில் அவரே பையைக் கட்டினார். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சீட்டில் என்னை உட்கார வைத்து, பாப்பாவுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, பை பத்திரம், பை பத்திரம் என்று அதையேதான் சொன்னார். நான் பத்திரம் என்று ஒரு தடவை சொன்னாரா? பஸ் கிளம்பினதும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். கண்டக்டர் திட்டினப்புறம்தான் விட்டார்.

என்னது அக்கா? புடவையிலயா? அட, ஆமாம், வெள்ளையா கொட்டியிருக்கே. பஸ் குலுங்கினதில பையிலேர்ந்து சிந்துது போல. கோலமாவு ஏதாவது வச்சுட்டாரா? கிரானைட்டில எப்படிப் பொடி வரும்?

உங்க முந்தானையிலயும் பட்டுடுச்சே. இருங்க, தட்டி விடறேன். இல்லை, மாவு இல்லை இது. நறநறன்னு இருக்கு. சுண்ணாம்பு மாதிரி.

பாப்பாவைக் கொஞ்சம் வாங்கிக்கறீங்களா? பிரிக்கத்தான் வேண்டாம்னார். சும்மா வாயை மட்டும் திறந்து பார்க்கறேன், உள்ளே ஏதாவது உடைஞ்சிருக்கப்போகுது.

அவரோட காக்கிச் சட்டை. இதைப் போய் சுத்தி வச்சிருக்காரு. மாத்திப் போட வேற சட்டை கூட இல்லையே அவருக்கு.

கல்லுதான். பலகை மாதிரி நீளமா இருக்கு. பின்னாடி இதென்ன கறுப்பா... அந்தத் துணி அக்கா. தூணுக்குச் சுத்தின அதே துணி. ஒட்டி வச்சிருக்காரு பின்னாடி. உதிராம இருக்கறதுக்கு.

அக்கா, இது பூச்சு. எங்க தூணோட பூச்சு.

இது ரெண்டு. இது மூணு. பாருங்க, இது நாலு, என் எழுத்துதான். நாலை நான் இப்படித்தான் வால் நீட்டிப் போடுவேன். இதோ, இங்கதான் கை வைப்பேன், அழுக்குப் பிடிச்சு வழவழன்னு இருக்கு பாருங்க.

மேலே ஒண்ணு இருக்கு. அது அவர் போட்டது. லாரிக் கோடு. நான் சொன்னேனே, பொறந்தநாளன்னிக்குப் போட்டாருன்னு.

பக்கத்துல ஏதோ எழுதியிருக்கு. அஞ்சு. கோணலா எழுதியிருக்காரு. அவருக்கு எழுத வராது அக்கா, கையெழுத்து மட்டும்தான் போடுவாரு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல எவ்வளவு? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு விரல். நாலுக்கும் அஞ்சுக்கும்...

நாலு விரல்.

இல்லைங்க, ஒண்ணுமில்லை. தூசி. கண்ணுல தூசி. பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும், அழ மாட்டா.

உங்ககிட்ட போன் இருக்கா அக்கா? என்கிட்ட இல்லை, இருந்ததே ஒண்ணுதான், அது அவர்கிட்ட. நம்பர் சொல்றேன், நீங்களே போட்டுக் கொடுங்க. இந்நேரம் மேலே தண்ணி ஏத்தற நேரம். மோட்டார் ரூமுக்குள்ள இருப்பாரு, சத்தத்துல கேக்காது. ரிங் போகட்டும், விடாம போடுங்க.

எடுத்தா என்ன பேசறது? எனக்குத்தான் பேச வராதே.

தண்ணி லாரி வந்துச்சான்னு கேக்கறேன்.